தறிக்குழி மண்

"அம்மா, நாம கூட்டித் தள்ற குப்பை யாரு வூட்டுக்குப் போவுது?"

லீலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. எழுபத்தேழாம் வருஷம், கார்த்திகை மாதத்து அமாவாசை. ஆரணியில் அமாவாசையன்று தறி ஓடாது. தறியைத் துடைத்து, நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழியைக் கூட்டி, சாமிக்குப் படைப்பதோடு சரி. கெங்கம்மாள் குனிந்து குழியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மகளுடைய கேள்வி அவள் காதில் பாதிதான் விழுந்தது.

"குப்பைக்கு ஏதுடி வூடு? தள்ளிப் போ, கால்ல குத்திடப் போவுது."

குத்திடப் போவுது என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. விடியற்காலையில் மின்சாரம் போய்விட்டது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கும்போது அது கைநழுவித் தறிக்குப் பக்கத்தில் விழுந்து சிதறியது. கிணற்றடியிலிருந்து அவள் புருஷன் திருமலை குரல் கொடுத்தான்.

"இன்னாது உடைஞ்சுது?"

"விளக்குக் கண்ணாடி."

"அமாவாசை அதுவுமா உடைச்சியா? பேஜார் புடிச்சவளே, கொழந்த மிதிச்சிடப் போறா. ஜல்தியா எடு."

அவளும் ஜல்தியாகத்தான் எடுத்தாள். பெரிய துண்டுகளைப் பழைய பேப்பரில் சுருட்டிக் கொல்லைப்புறக் குழியில் போட்டாள். பொடித்துண்டுகள் மிஞ்சின. ஊதினால் பறக்கும், அவ்வளவு மெல்லிய சில்லுகள். அவற்றுக்காக இன்னொரு பேப்பர் தேடுவானேன் என்று, குழியிலிருந்து கூட்டி ஏற்கெனவே குவித்து வைத்திருந்த மண்ணோடு சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளிக் கோணிப்பையில் அள்ளிவிட்டாள். வீடு சுத்தமாயிற்று. வெறுங்காலோடு லீலா நடந்தாள். ஒன்றும் குத்தவில்லை. கெங்கம்மாள் நிம்மதியாகப் பொங்கல் வைக்கப் போனாள்.

அந்தக் கோணிப்பை பாஞ்சாலைக்குப் போவது.

பாஞ்சாலை அந்தத் தெருவில் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று நெய்து முடிந்ததும், மிச்சமிருக்கும் பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் இழை முனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு திருகு திருகும். அவ்வளவுதான், இழை ஒட்டிக்கொள்ளும். முடிச்சுக் கிடையாது. பாஞ்சாலை பிணைத்த பாவில் இழை பிரிந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லாரியில் கிளீனராகப் போன அவள் புருஷன் திரும்பி வராமல் பத்து வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டு விரலும்தான் அவளுக்குச் சோறு போட்டன.

பிணைக்கிறவளுக்குக் கூலி போக இன்னொரு பாத்தியதை உண்டு. தறிக்குழி மண். நெய்யும்போது கத்தரித்துப் போடும் ஜரிகைத் துணுக்குகள் எல்லாம் அந்த மண்ணில்தான் கிடக்கும். அமாவாசைக்கு மறுநாள் பாஞ்சாலை ஆறு வீட்டுக் கோணியையும் வாங்கிப்போய், ஒன்றாகக் கொட்டி, துணுக்குத் துணுக்காகப் பொறுக்குவாள். ஒரு மாசத்துக்கு ஒரு உருண்டை ஜரிகை தேறும். பழைய ஜரிகை வாங்குகிறவர் அதை உருக்கி வெள்ளி எடுப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் பாஞ்சாலை கெங்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கையில் ஒரு மூக்குத்தி. கெங்கம்மாளுக்கு அவள் தாய் போட்ட மூக்குத்தி அது. எட்டு நாளாகக் கிணற்றைக்கூட இறைத்துப் பார்த்து, தாயின் நினைவாக இருந்த ஒரே நகையும் போயிற்றே என்று அழுது ஓய்ந்திருந்த சமயம்.

"உங்க வூட்டு மண்ணுல இருந்துது, கெங்கா."

"அக்கா! நீ வெச்சிக்கினு இருந்தாக்கூட யாருக்குத் தெரியும்?"

"ஜரிகையா இருந்தா என்னுது. இது எப்படி என்னுது ஆவும்?" என்று பாஞ்சாலை சிரித்தாள். "மூக்குல திருகை நல்லா முடுக்கிப் போடு. அடுத்த தடவை குடுக்கமாட்டேன்."

ஒரு சொம்பு மோரைக்கூட உட்கார்ந்து குடிக்காமல் போய்விட்டாள். அந்தக் கடன் கெங்கம்மாள் மனசில் அப்படியே கிடந்தது.

கார்த்திகை அமாவாசை கழிந்து நாலாம் நாள் திருமலையின் தறியில் பாவு பிணைக்க வேண்டும். பாஞ்சாலை வரவில்லை. வராமல் இருக்கிறவள் அல்ல. கெங்கம்மாள் தெருக்கோடியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனாள்.

பாஞ்சாலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் முறத்தில் பரப்பிய மண்.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. மண்ணுல பளபளன்னு மின்னிச்சு. நல்ல நீட்டு ஜரிகைன்னு அழுத்திக் கிள்ளினேன். ஜரிகைக் கம்பி உள்ள ஏறிக்கிச்சு. எத்தினி தடவை ஏறி இருக்குது! ரெண்டு நாள்ல தானா வெளிய வந்துடும். இந்தத் தபா என்னவோ அடம் புடிக்குது."

கெங்கம்மாள் முறத்தைப் பார்த்தாள். வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மினுக்குகள். எது ஜரிகை, எது மற்றது என்று பாஞ்சாலைக்குத் தெரியவில்லை. கெங்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நிமிஷத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஜரிகை இல்லக்கா, கண்ணாடி, இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா என்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எதிர்வீட்டு விருத்தாம்பாள் அங்கே நெருப்பு வாங்க வந்து நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தால் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். நாளைக்குத் தனியாக வந்து சொல்லலாம் என்று கெங்கம்மாள் நினைத்தாள். கண்ணில் பட்ட சில்லுகளை மட்டும், "கல்லு" என்று சொல்லிப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் லீலாவுக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் முதலாளி வீட்டிலிருந்து புடவை கேட்டு ஆள் வந்தது. நல்ல காரியத்துக்குத் தடை சொல்ல நமக்கா காரணம் கிடைக்காது? எட்டாம் நாள் அவள் போனபோது பாஞ்சாலையின் வீடு பூட்டியிருந்தது.

"கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கிப் போச்சு. வேலூருக்கு இட்டுக்கினு போயிருக்காங்க" என்றாள் விருத்தாம்பாள்.

கெங்கம்மாள் அம்மன் கோயிலுக்குப் போய் நின்றாள். கும்பிடக் கை எழும்பவில்லை. தாயே, அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்க வாய் வரவில்லை. சொல்லவேண்டிய நாளில் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லாதவளுக்கு இங்கே வந்து கேட்க என்ன உரிமை என்று தோன்றியது. விபூதி கூட வாங்காமல் திரும்பினாள்.

கையைக் காப்பாற்ற டாக்டர் அந்த ஒரு விரலை நடுக் கணுவரைக்கும் எடுத்துவிட்டார். எடுத்த விரலுக்குள் நகக்கண் அளவு கண்ணாடிச் சில்லு இருந்ததாம். முதல் நாளே வந்திருந்தால் சில்லை மட்டும் எடுத்து அனுப்பியிருப்பேன் என்று சொன்னாராம்.

மார்கழி பிறந்தது. தறிகள் காத்திருக்குமா? பக்கத்துத் தெருவிலிருந்து முனியம்மாள் வந்து பாவு பிணைக்க ஆரம்பித்தாள். அடுத்த அமாவாசை நெருங்கியபோது, குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள் ஒரு பேச்சை எடுத்தார்கள்.

"குழி மண்ணு இனிமே முனியம்மாளுக்குத்தானே?" என்றாள் விருத்தாம்பாள். "பிணைக்கிறவளுக்குத்தான் மண்ணு. அதானே வழக்கம்."

"அப்ப பாஞ்சால இன்னா பண்ணுவா?" என்று ஆதிலட்சுமி கேட்டாள். அவள் கடைசி வீட்டுக்காரி, இரக்க மனசு.

"அதுக்கு நாம இன்னா பண்றது? மண்ணுல கைய வுடறவ பாத்து வுடணும். யார் வூட்டுக் கண்ணாடியோ, யாரு கண்டா? ஆறு வூட்டு மண்ணையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கினா இப்படித்தான்."

"உன் வூட்டு மண்ணுல போன மாசம் அரை பிளேடு இருந்துச்சாமே?" என்றாள் ஆதிலட்சுமி.

"யாருடி சொன்னது? இழை அறுக்கிற பிளேடு தறிகிட்ட இல்லாம உன் தலையிலயா இருக்கும்?"

சிரிப்பு எழுந்தது. முனியம்மாள் மட்டும் சிரிக்காமல் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாளின் குடம் நிரம்பி வழிந்தது. யாரோ தோளைத் தட்டினார்கள். அவள் குடத்தை எடுக்கவில்லை.

"என் வூட்டுக் கண்ணாடி" என்றாள்.

கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"அமாவாசை அன்னிக்கு விளக்குக் கண்ணாடி உடைஞ்சுது. என் பொண்ணு கால்ல குத்தக் கூடாதுன்னு மண்ணோட தள்ளிட்டேன். அது மட்டுமில்ல. நாலாம் நாளே நான் அவ முறத்துல பாத்தேன். பாத்தும் சொல்லல. விருத்தாம்பா அக்கா, நீதான் அப்ப பக்கத்துல நின்னுகினு இருந்த. நீ நாலு பேருகிட்ட சொல்லிடுவேன்னு பயந்தேன். இப்ப நானே சொல்லிட்டேன். மண்ணு பாஞ்சாலக்காவுக்கே போவட்டும். அந்த மண்ணுதான் அவ வெரல எடுத்துச்சு. அத்தயும் அவகிட்டருந்து புடுங்கினா நாம இன்னா மனுசங்க?"

விருத்தாம்பாள் குடத்தைக் கீழே வைத்தாள். அவள் பேச்சுத்தான் கூர்மை. மனசு அப்படியல்ல என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

முனியம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்குக் கூலி போதும். மண்ணு வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்த உருண்டை ஜரிகை அவளுக்கும் வேண்டியதுதான்.

தெரு அறிந்த பிறகு கெங்கம்மாளுக்குக் கடினமான இடம் ஒன்றுதான் பாக்கி. அன்று மத்தியானமே போனாள். பாஞ்சாலை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை வெள்ளைத் துணி சுற்றி மடியில் கிடந்தது.

கெங்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போன சில்லுகளைக்கூடச் சொன்னாள்.

பாஞ்சாலை புளியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"கல்லுன்னு சொன்னியே" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா."

"அன்னிக்கே சொல்லி இருந்தா வெரலு இருந்திருக்கும்."

"ஆமாக்கா."

"கண்ணாடி உடையறது தப்பில்ல. எல்லார் வூட்லயும் உடையுது. அத்த மண்ணோட தள்ளினியே, அது கூட அவசரத்துல செஞ்சது. நான் மூக்குத்தி கொண்டாந்து குடுத்தேன் பாரு, அன்னிக்கு நீ இன்னா சொன்ன? யாருக்குத் தெரியும்னு சொன்ன. அதையேதான் என் முறத்தப் பாத்தப்பவும் நெனச்சிருக்க."

கெங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். மாசம் ஒரு மரக்கால் அரிசி அனுப்புகிறேன் என்றாள். தாயின் பழைய பட்டுப்புடவை ஒன்று இருக்கிறது, அதன் ஜரிகையை விற்றுக்கொள் என்றாள். பாஞ்சாலை வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"குடுக்கறத வாங்கற கை இல்ல கெங்கா இது. பொறுக்கற கை. மண்ண அனுப்பு, போதும். பாத்து அனுப்பு." கொஞ்சம் பொறுத்து, "எழுந்து போ. பொண்ணு இஸ்கூலு வுட்டு வந்துகினு இருப்பா. வூட்ல யாரும் இல்லன்னா பயந்துக்கும்" என்றாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கெங்கம்மாள் லீலாவை உட்காரவைத்து, "குப்பை யாரு வூட்டுக்குப் போவுதுன்னு கேட்டியே, பாஞ்சாலப் பெரிம்மா வூட்டுக்குப் போவுது" என்றாள். குழந்தை மறந்தே போயிருந்தது. ஆனாலும், "அப்ப நல்ல குப்பையா அனுப்பணும்" என்றது.

நல்ல குப்பை என்ற அந்தச் சொல் வீட்டில் நிலைத்துவிட்டது. தறிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு டால்டா டின் வந்தது. உடைந்த கண்ணாடி, வளையல், தேய்ந்த பிளேடு, குண்டூசி எல்லாம் அதற்குள். நிரம்பினால் மூடியை அழுத்திக் கயிறு கட்டி, பழைய பாட்டில் வாங்க வருகிறவரிடம், "உள்ள கண்ணாடி கீதுங்க, கைய வுடாதீங்க" என்று வாயால் சொல்லித்தான் கொடுப்பாள். சொல்லாமல் கொடுப்பதில்லை. சோற்றுப் பருக்கையும் காய்கறித் தோலும் மாட்டுக்குத் தனியே. எண்ணெய் ஊறிய காகிதம் அடுப்புக்கு. காய்ந்த காகிதம் தனிக் கட்டு. நூலுக்குப் போடும் சாயப்பொடி வந்த காலி டப்பாவில் அரிசி, பருப்பு போட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டாள். ஒரு மாசத்தில் ஆதிலட்சுமி வீட்டிலும் ஒரு டின் வந்தது. விருத்தாம்பாள் மூன்று மாசம் கேலி பேசினாள்.

"கெங்கா, உன் வூட்டுக் குப்பைக்குப் பொட்டு வெச்சி, பூ வெச்சி அனுப்பறியாமே?"

நாலாம் மாசம் அவள் வீட்டுத் தறியோரமும் ஒரு டின் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாஞ்சாலை நடுவிரலால் பொறுக்கப் பழகினாள். பழைய வேகம் இல்லை. முன்பு இரண்டு நாளில் முடிகிற மண் எட்டு நாள் இழுத்தது. பாவு பிணைக்க ஒருதரம் உட்கார்ந்து பார்த்தாள். சாம்பலைத் தொட்டாள்; இழையை எடுத்தாள்; இல்லாத விரல் திருகியது. நாற்பது இழை பிணைப்பதற்குள் பன்னிரண்டு பிரிந்துவிட்டது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். தறியில் உட்கார்ந்திருந்த திருமலை அன்று முழுக்க ஒரு முழம்கூட நெய்யவில்லை.

அன்று மாலைதான் கெங்கம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து தாயின் புடவையை எடுத்தாள். அரக்கு நிறம். பட்டு இற்று, மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. கரையும் முந்தானையும் மட்டும் அப்படியே இருந்தன. கெட்டி ஜரிகை. அதை விற்று லீலாவுக்குக் கொலுசு செய்வதென்று ஒரு எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் அவள் ஒருத்தி மனசில் மட்டும் இருந்ததால், அதை விடுவதற்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசையும், திருமலையும் லீலாவும் தேங்காய்ப் பழத் தட்டோடு கோயிலுக்குக் கிளம்பிப் போனதும், அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். கரையிலிருந்து ஒரு விரற்கடை அகலம் இழை இழையாகப் பிரிப்பாள். பழைய ஜரிகை கறுத்திருக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து வெளுப்பாள். நெய்து கிடந்ததால் வளைந்து நெளிந்திருக்கும், நகத்தால் நீவிவிடுவாள். பிறகு தறியில் கத்தரித்து விழுவதைப் போலச் சின்னதும் பெரிதுமாகத் துணுக்குகள். ஒரே அளவாக இருந்தால் பாஞ்சாலைக்குத் தெரிந்துவிடும். ஒரு பிடி, அதற்கு மேல் இல்லை. மிகுதியானாலும் தெரிந்துவிடும்.

இப்படிக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் போயிற்று. "உங்க வூட்டுக்காரரு ஜரிகைய ரொம்பக் கத்தரிக்கிறாரு போல" என்று பாஞ்சாலை ஒருதரம் சொன்னாள். "கண்ணு தெரியல அவருக்கு" என்றாள் கெங்கம்மாள். சாமி பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். கல்லு என்று சொன்ன நாளுக்குப் பிறகு வேறு பொய் சொன்னதில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் தை அமாவாசை. புடவையில் மிச்சம் இருந்தது கடைசி விரற்கடை. லீலாவுக்கு ஒன்பது வயது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு கோயிலுக்குப் போய்விட்டாள். தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கெங்கம்மாள் கடைசித் துணுக்குகளை வெட்டி முடித்தாள். கையில் ஒட்டியதையும் தட்டிச் சேர்த்தாள். கூட்டிக் குவித்த குழி மண்ணில் அவற்றைத் தூவி, புதிதாகத் தெரியாமல் இருக்கப் புரட்டி, கோணிப்பையில் அள்ளினாள். விரல் திரும்பி வரப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும். செய்ய முடிந்தது இவ்வளவுதான், இதுவும் இன்றோடு தீர்ந்தது.

பையின் வாயைக் கட்டுவதற்கு முன், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வலது கையை முழங்கை வரைக்கும் மண்ணுக்குள் விட்டாள். எப்போதும் செய்வதுதான். அடிவரைக்கும் போய், மெதுவாக, விரல்களை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று.

ஒன்றும் குத்தவில்லை.

கையை எடுத்து, பையைக் கட்டி, வாசலோரம் சாய்த்து வைத்தாள்.